விட்டுப்போன இரண்டு தட்டு

"மிஸ், நாற்பது வருஷமா ஒரு மெட்டைத் தப்பாவே வாசிக்கிறேன். சரியா வாசிச்சா மனசு தாங்கல. நான் என்ன பண்றது?"

கேட்டவர் இக்னேஷியஸ். வயது அறுபத்தாறு. பெரம்பூரில் ஆங்கிலோ இந்தியக் கல்யாண வரவேற்புகளுக்கு ஆர்கன் வாசிப்பவர். இசை சொல்லிக்கொடுக்கும் பெர்னடெட் மிஸ் அவர் மகளைவிட இளையவள். ஆனாலும் அந்த வட்டாரத்தில் இசையில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவள் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

எந்த மெட்டு என்று கேட்டாள்.

அமெரிக்காவில் எப்போதோ நாலு பேர் வாசித்து வைத்த, 'ஸோல்' என்கிற இசைவகை மெட்டு. மூன்றே நிமிடம். பாடகர் கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. அதனாலோ என்னவோ பெரம்பூர்க்காரர்கள் அதைத் தங்கள் சொத்தாகவே வைத்துக்கொண்டார்கள். அது இல்லாமல் எந்தக் கல்யாணத்திலும் கடைசி நடனம் இல்லை. முழங்கால் வலி என்று உட்கார்ந்திருப்பவர்கள்கூட அந்த ஆர்கன் ஆரம்பித்ததும் எழுந்துவிடுவார்கள்.

இக்னேஷியஸ் அதைக் கேசட்டில் கேட்டுப் பழகியவர். கல்யாணமான புதிதில் டேப் ரெக்கார்டரில் நாடா சிக்கிக்கொண்டது. மனைவி ஃபிலோ கசங்கிய துண்டை வெட்டி எறிந்துவிட்டு, செல்லோ டேப் போட்டு ஒட்டினாள். மெட்டின் தாளத்தில் இரண்டு தட்டு போய்விட்டது.

அந்தக் கேசட்டுக்குத்தான் இருவரும் வீட்டில் ஆடினார்கள். அவர் அப்படியே வாசிக்கவும் பழகினார். கல்யாணங்களில் அந்த இடம் வந்தால் எல்லார் காலும் தடுமாறும். ஃபிலோ ஒருத்திக்கு மட்டும் தடுமாறாது.

போன ஜனவரியில் ஃபிலோ இறந்துபோனாள். அவளை நினைத்தால் அவருக்குத் தாங்க முடியவில்லை. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

இந்த நிலையில் அவர் வாசிக்கும் இசைக்குழுவின் புதுத் தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார். வரும் சனிக்கிழமை ஒழுங்காக வாசிக்க வேண்டும், இல்லையென்றால் இடத்தைக் காலி செய்ய வேண்டும்.

"ஒரிஜினலைக் கேட்டீங்களா அங்கிள்?"

"போன்ல கேட்டேன். வாசிக்கவும் வருது. ஆனா அந்த ரெண்டு தட்டையும் சேர்த்துட்டா, அதுல அவ இல்ல மிஸ்."

மிஸ் ஆறுதல் சொல்லவில்லை. அவளுக்கு அது வரவும் வராது. நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளினாள். தன் ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருந்தவரை எழுப்பிவிட்டு, அங்கே தான் உட்கார்ந்தாள்.

"ஆடுங்க."

"யாரோட?"

"நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். ஆடுங்க."

ஒரிஜினலில் இருக்கிறபடியே வாசிக்க ஆரம்பித்தாள்.

இக்னேஷியஸுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சனிக்கிழமையை நினைத்துக்கொண்டு கையைத் தூக்கினார். ஃபிலோவின் கை இருக்க வேண்டிய உயரத்தில் அதை வைத்துக்கொண்டார். கால்கள் தாமாகவே நகர்ந்தன.

அந்த இடம் நெருங்கியது. அங்கேதான் ஃபிலோ அவர் கையை விட்டுவிட்டு ஒரு சுற்றுச் சுற்றுவாள். பழக்கத்தில் அவர் விரல்கள் விரியப் பார்த்தன.

மெட்டு இன்னும் சுற்றுக்கு வரவில்லை. நடுவே, ஃபிலோ வெட்டி எறிந்த இரண்டு தட்டு இருந்தது.

அவர் அவள் கையைப் பிடித்தபடியே நின்றார்.

ஒன்று.

இரண்டு.

அதற்குப் பிறகுதான் கையை விட்டார்.

மிஸ் கடைசிவரை வாசித்து முடித்தாள். பின்னால் காலடிச் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது.

"மிஸ், அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிங்க."