சூசை எழுதிய ஒரு வரி

அறந்தாங்கியில் தபால் ஆபீஸ் குமாஸ்தா வேதவல்லி. நாற்பத்துமூன்று வயதில் ஆன்லைனில் பட்டப்படிப்பு. ஒரே ஒரு தாள்தான் பாக்கி. போன வருஷம் அதில்தான் கவிழ்ந்தாள். இந்த வருஷமும் கவிழ்ந்தால் பதவி உயர்வு கைவிட்டுப் போகும்.

அந்தத் தாளுக்குப் பரீட்சை கிடையாது. வெவ்வேறு ஊரைச் சேர்ந்த நாலு மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, ஒரு கடலோரக் குப்பத்துக்குப் புயல்காலத் திட்டம் எழுத வேண்டும். குழுவில் சூசை மட்டும் அந்தக் குப்பத்துக்காரன். எல்லோருக்கும் ஒரே ஃபைல். யார் வேண்டுமானாலும் திறந்து எழுதலாம்.

கெடுவுக்கு மூன்று நாள் இருக்கையில் வேதவல்லி பேராசிரியை இளவேனிலை வீடியோவில் பிடித்தாள். அவருக்கு அவளைவிடப் பத்து வயது குறைவு.

“மேடம், என்னைத் தனியா முடிக்க விடுங்க.”

“ஏன், மத்த மூணு பேர்?”

“ஊர் கூடித் தேர் இழுக்கணும்பாங்க. இங்கே மூணு பேரும் தேர்மேல ஏறி உட்கார்ந்துட்டாங்க. இழுக்கறது நான் ஒருத்தி.”

இளவேனில் சிரித்துவிட்டார். “சூசை ஒரு வரி எழுதியிருந்தாரே. காணோமே?”

“அதுவா? சனங்க ஒதுங்கற பள்ளிக்கூடத்துக்கு மேற்கு வாசல் வழியாப் போகணும்னு. வரைபடத்துல கிழக்கு வாசல்தான் கிட்ட. மாத்திட்டேன். இனி யாரும் கை வைக்கக் கூடாதுன்னு ஃபைலையும் பூட்டிட்டேன்.”

“அவரைக் கேட்டீங்களா?”

“ஒத்தை வரிக்கு என்ன மேடம் கேக்கறது?”

இளவேனில் உடனே சூசையையும் அழைப்பில் சேர்த்து விஷயத்தைச் சொன்னார். படகு எஞ்சின் இரைச்சலோடு வந்தது அவன் குரல்.

“கிழக்கு வாசலா? ஐயோ அக்கா! அந்தக் கதவு வெளிப்பக்கமால்லா திறக்கும்! புயல்னா மணல் வந்து கதவுல அண்டிரும். போன புயல்ல நாப்பது பேரு மழையில நின்னு இழுத்தோம். அசையலை.”

வேதவல்லி திரையை நோக்கிக் குனிந்தாள். “இதை எழுதியிருக்கலாமே தம்பி?”

“மறுநா எழுதத்தான் வந்தேன். ஃபைல் உள்ள விடலை. படிச்சவங்க பூட்டினா சரியாத்தான் இருக்கும்னு போயிட்டேன்க்கா.”

எஞ்சின் சத்தம் அறுந்தது. அவன் போய்விட்டான்.

வேதவல்லி முந்தானையை இழுத்துச் செருகினாள். “மூணு நாள் போதும் மேடம். சோறு தூக்கம் பார்க்க மாட்டேன். ஒரு வரி விடாம நானே முதல்லேருந்து எழுதி முடிச்சுடறேன்.”

“எழுதுங்க,” என்றார் இளவேனில். “சூசை எந்த வாசல் வழியா உள்ளே வருவார்?”