பத்துக் குரல் காவல்

பங்குனித் திங்கள் பன்னிரண்டாம் நாள். காலை முதலே காற்று அசையவில்லை. வெயில் மூங்கில் இலைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தது. பூம்பொறி என்னும் புள்ளிமான் தன் குட்டியோடு மடுவுக்கு நீர் குடிக்க வந்தாள்.

முன்பெல்லாம் அம்மடுவைக் குரங்குகள் முறைவைத்துக் காத்தன. சிறுத்தை தென்பட்டால் மரத்துக் குரங்கு குரல் கொடுக்கும். கரையில் உள்ளவை ஓடிவிடும். குரங்குகளின் சச்சரவுகளைத் தீர்த்தே அலுத்துப்போன தலைவர், கருமலையார் என்னும் யானை, அவ்வாண்டு காவலை நாவலன் என்னும் நரியிடம் ஒப்பந்தம் பேசி ஒப்படைத்திருந்தார். நாவலன் ஒரு கிளியை மரத்தில் அமர்த்தினான்.

குட்டி நீரருகே குனிந்தது. புதர் அசைந்தது. ஒரு குரலும் எழவில்லை! சிறுத்தையின் நகம் குட்டியின் பின்தொடையைக் கிழித்தது. பூம்பொறி குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு முட்புதருக்குள் பாய்ந்ததால் உயிர் மிஞ்சியது. ஆனால், குட்டியின் நா வறண்டிருந்தது. அந்திக்குள் நீர் குடிக்காவிட்டால் அது பிழைக்காது; காவலில்லாத மடுவுக்கு அதை மீண்டும் கூட்டிப்போகவும் முடியாது.

குட்டியை முட்புதரில் மறைத்துவிட்டுப் பூம்பொறி காவல் மரத்தடிக்கு ஓடினாள். அங்கே கிளி அத்திப்பழம் கொத்திக்கொண்டிருந்தது.

“ஏன் குரல் கொடுக்கவில்லை?” என்றாள் பூம்பொறி.

“கொடுத்தேனே, அக்கா! நாளுக்குப் பத்துக் குரல் என்பது நாவலன் கட்டளை. பத்தையும் விடியற்காலையிலேயே முடித்துவிட்டேன்!”

“அப்போது சிறுத்தை வந்ததா?”

“அதை யார் பார்த்தார்கள்?”

அவள் நாவலனிடம் ஓடினாள்.

“பத்துக் குரலும் ஒலித்தன அல்லவா? ஒப்பந்தம் நிறைவேறியது! நான் தலைவருக்கு மட்டுமே பதில் சொல்பவன், அம்மணி. அவரிடம் போ!” என்றான் நரி.

கருமலையாரோ, “காவலைத்தான் நாவலனிடம் கொடுத்தாயிற்றே, தாயே! அவனைக் கேள்” என்றார்.

“அவன் உங்களைக் காட்டுகிறான்; நீங்கள் அவனைக் காட்டுகிறீர்கள். என் குட்டி யார் முன் போய் நிற்கும், ஐயா?”

சிறுத்தைக்கு என்றுமே அஞ்சியிராத யானை நரியை அழைத்துவரச் செய்தார்.

பூம்பொறி நரியிடம் கேட்டாள்: “உன் குட்டிகளை மடுக்கரையில் நான் ஒருநாளும் கண்டதில்லை. அவை எங்கே நீர் குடிக்கின்றன?”

“பாறைச் சுனையில். அங்கே கூட்டம் குறைவு!”

“இன்று முதல் எங்களோடு மடுவில் குடிக்கட்டும்.”

“ஐயையோ! அங்கே சிறுத்தை வருமே!” என்று அலறிய நரி, சட்டென வாயை மூடிக்கொண்டான்.

கருமலையாரின் காதுகள் தொங்கின. “இதை நான் அல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்!” என்றார்.

அன்று அந்தியில் கருமலையாரே கரையில் காவல் நின்றார். குட்டி நொண்டி நொண்டி வந்து வயிறாரக் குடித்தது. மறுநாள் ஒப்பந்தம் நீக்கப்பட்டது, குரங்குகள் திரும்பின. அவற்றின்மீது குறை இருந்தால் கேட்பதற்கு, கருமலையார் நாள்தோறும் மடுவுக்கு வந்தார். குட்டியின் கால் இறுதிவரை நேராகவில்லை. நாவலன் மேற்குக் காட்டில் காவல் ஒப்பந்தம் கேட்டு அலைவதாகக் கேள்வி.

பொதுப்பணியைப் பிறர் கையில் கொடுக்கலாம். அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பைக் கொடுத்துவிட முடியாது.