முத்திரைத்தாள் இல்லாத கட்டளை

டெக்சாஸை மெக்சிகோ ஆண்ட காலம். ஆற்றுக்கு அக்கரையில் வாழ்ந்த அமெரிக்கக் குடியேறிகளிடம் இருந்த ஒரே பீரங்கியைப் பறிக்க, கேப்டன் பார்டோலோ நூறு வீரர்களோடு ஆற்றங்கரைக்கு வந்தார்.

"அடேய் ஓடக்காரா, எங்களை அக்கரை சேர்! இதோ கட்டளை."

ஓடக்காரன் ஹைரம் தாளை வெயிலில் தூக்கிப் பார்த்தான். "முத்திரையைக் காணோமே, எஜமான்! முத்திரைத்தாளில் எழுதாதது செல்லாது என்று எங்கள் மனுவை ஏழு முறை திருப்பி அனுப்பியது தாங்கள்தானே? செல்லாத கட்டளைக்கு ஓடம் விட்டால் என்னையல்லவா தூக்கில் போடுவீர்கள்!"

வீரர்கள் மீசைக்குள் சிரித்தார்கள். அதிகாரிக்கு ஆட்சி போனாலும் பரவாயில்லை, கௌரவம் போகக்கூடாது. கேப்டன் முத்திரைத்தாளுக்கு ஆள் அனுப்பினார். அது வந்து சேர மூன்று நாள் ஆயிற்று.

அதற்குள் சுற்றுவட்டாரமே துப்பாக்கியோடு அக்கரையில் திரண்டிருந்தது.

"இப்போது ஏறுங்கள், எஜமான்," என்றான் ஹைரம். "பீரங்கி தங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது."

கேப்டன் ஏறவில்லை.