பலா மரத்துப் பொந்துல இருந்த டப்பா

ஒரு ஊர்ல ஒரு பேசாத தாத்தா இருந்தாரு. ஊமை இல்ல. ஊர் பூரா பேசுவாரு, பஸ் கண்டக்டர்கிட்ட பேசுவாரு, ரேடியோகிட்ட கூடப் பேசுவாரு. தம்பிகிட்ட மட்டும் பேச மாட்டாரு. பதினோரு வருஷமா ஒரு வார்த்தை கிடையாது. ம் கொட்டு, அப்பதான் சொல்லுவேன்.

ம்.

அவரு பேரு சவடமுத்து. தம்பி பேரு அழகர். அழகர் மகனுக்குக் கல்யாணம் வந்துச்சு, பத்திரிகை அடிச்சாங்க. மாமன் பேரு, மச்சான் பேரு, யார் யார் பேரோ இருக்கு. கூடப் பொறந்த அண்ணன் பேரு மட்டும் இல்ல! கேட்டா, "பிரஸ்ல விட்டுட்டாங்க"ன்னான் தம்பி. பிரஸ்ல விட்டா, படிச்சுப் பாக்க உனக்குக் கண்ணு இல்லையா? கோவம் வருமா, வராதா? நியாயமான கோவம்தான். அந்தப் பத்திரிகையை பீரோவுல சட்டைக்கு அடியில வச்சுக்கிட்டாரு. மாசம் ஒரு தடவை எடுத்துப் பாப்பாரு, மறந்துடக் கூடாதுன்னு.

அப்புறம், சவடமுத்துவுக்கு நிவேதான்னு ஒரு பேத்தி. அழகருக்கு மித்ரான்னு ஒரு பேத்தி. ரெண்டும் ஸ்கூல்ல ஒரே பெஞ்சு, ரெண்டும் சாரணர் கூட்டத்துல இருக்குதுங்க. ஒரு ஞாயித்துக்கிழமை சாரணர் டீச்சர், குடும்பத்தோட சிறுமலைக்கு வரச் சொல்லிட்டாங்க. பஸ்ல தாத்தா முன் சீட்டு, தம்பி பின் சீட்டு. பதினெட்டு வளைவுலயும் வண்டி இப்படிச் சாயுது, அப்படிச் சாயுது, இவரு கழுத்து மட்டும் திரும்பல.

மலையில இறங்குனதும் டீச்சர் சொன்னாங்க: "காட்டுக்குள்ள, ஒரு பெஞ்சுப் புள்ளைங்களுக்கு மூணு டப்பான்னு ஒளிச்சு வச்சிருக்கோம். எடம் இதுதான்னு நம்பர் தந்துடுவோம். நம்பரைப் போன்ல போட்டா அம்புக்குறி வழி காட்டும். டப்பாவுக்குள்ள நோட்டு இருக்கும், பேரு எழுதணும். மூணுலயும் பேரு இருந்தாத்தான் சட்டையில தைக்க பேட்ஜ். ஒண்ணே ஒண்ணு முக்கியம். எடுத்த எடத்துலயே டப்பாவ வைக்கணும். ஒரு சாண் தள்ளி வச்சாலும், பின்னால வர்றவங்களுக்குக் கிடைக்காது."

கெளம்பினாங்க. போன் டிங், டிங்குன்னுச்சு. பாலத்துக்கு அடியில மொத டப்பா! நிவேதா ஆசையா நோட்டைப் பிரிச்சா, மேலேயே இருக்கு, மித்ரா, தாத்தா அழகர். சவடமுத்துவுக்குச் சுருக்குன்னுச்சு.

அப்புறம் ரெண்டாவது டப்பா. வாழைத் தோட்டம் ஓரமா, குரங்கு ஒண்ணு கிர்ர்ர்ருன்னு மொறைக்க மொறைக்க எடுத்தாங்க. அதுலயும் மேல தம்பி பேரு!

"என்ன தாத்தா பல்லக் கடிக்கிற?"

"பல்லு கூசுது, நட."

மூணாவதுக்கு அவரு குறுக்குப் பாதையில சரக்கு சரக்குன்னு ஏறினாரு. பெரிய பலா மரம், அதுல ஒரு பொந்து, பொந்துல டப்பா. நோட்டு வெள்ளையா இருக்கு! அழகர் இன்னும் வரல. நிவேதா அவ பேரை எழுதினா, தாத்தாவும் கோணலா, பெருசா எழுதினாரு, சவடமுத்துன்னு.

அப்போ கீழ தம்பி இருமற சத்தம். லொக்கு, லொக்கு. ஏறி வந்துக்கிட்டிருக்கான்.

"நீ முன்னால போம்மா, நான் வச்சுட்டு வர்றேன்"னாரு. பேத்தி குதிச்சுக்கிட்டு எறங்கிட்டா. தாத்தா டப்பாவைப் பொந்துல வைக்கல. கொஞ்சம் தள்ளி, ஒரு பாறைக்கு அடியில சொருகிட்டாரு. என் பேரை விட்டேல்ல, இப்பத் தேடு!

ம் கொட்டலையே? தூங்கிட்டியா?

இல்ல... அது தப்பு தானே?

தப்புதான். கேளு.

மதியம் ஆச்சு. எல்லாரும் மைதானத்துக்கு வந்து சாம்பார் சாதம் சாப்பிடுறாங்க. வானம் கறுத்துடுச்சு, கடகடன்னு இடி. டீச்சர் எண்ணிப் பாத்தா ஒரு குடும்பத்தைக் காணோம். போன் பண்ணாங்க. மூணாவது டப்பா கிடைக்காம வரமாட்டேன்னு மித்ரா மரத்தடியில உக்காந்துட்டாளாம்.

டீச்சர் நேரா சவடமுத்துகிட்ட வந்தாங்க. "ஐயா, நீங்கதான அவரு அண்ணன்? போய்க் கூட்டிட்டு வாங்களேன்."

"யாருக்கு யாரு அண்ணன்?"ன்னாரு. ஆனா சோத்தைப் பாதியில வச்சுட்டாரு. இலையை மடிச்சுட்டு எந்திரிச்சாரு. மனசுல ஒரு கணக்குப் போட்டாரு. போவோம், யாருக்கும் தெரியாம டப்பாவ எடுத்துப் பொந்துல வைப்போம், வந்துடுவோம். பேச வேண்டாம் பாரு!

மேல போனா, தம்பி முட்டி போட்டுப் பொந்துக்குள்ள கையை விட்டுத் துழாவுறான். வேட்டியெல்லாம் சேறு. புள்ள விசும்புது. "போன் தப்பு சொல்லாது கண்ணு, இந்தத் தாத்தாவுக்குத்தான் கண்ணு தெரியல"ங்குறான்.

சவடமுத்து சத்தம் போடாம அந்தப் பாறைகிட்ட போனாரு. கைய விட்டாரு, டப்பா இல்ல. வேற பாறை. அதுல ஒரு தவளை, தொபுக்குன்னு மூஞ்சில குதிச்சுது. இன்னொரு பாறை. கட்டெறும்பு சுரீர்னு கடிச்சுது. பாத்தா சுத்தி எல்லாமே ஒரே மாதிரி பாறை! பொந்துக்கு நம்பர் இருக்கு. இவரு ஒளிச்சு வச்ச எடத்துக்கு ஏது நம்பர்?

பொட்டு பொட்டுன்னு தூறல் விழ ஆரம்பிச்சுடுச்சு. அவரு நின்னாரு. பதினோரு வருஷம் கழிச்சுப் பேசியாகணும். ஒரு தடவை கனைச்சாரு. ரெண்டு தடவை கனைச்சாரு. மூணாவது தடவை வாயத் திறந்துட்டாரு.

"அங்க தேடாத. நான்தான் எடுத்து மாத்தி வச்சேன்."

தம்பி மெதுவாத் திரும்பினான். கைச் சேத்தை வேட்டியில தொடச்சான். அப்புறம், "எங்க வச்ச?"

"தெரியல."

"தெரியலயா! சின்ன வயசுல என் பம்பரத்தை ஒளிச்சு வச்சுட்டு இப்படித்தானய்யா முழிச்ச!"

"அது நீ மொதல்ல என் கோலிக்குண்ட எடுத்த..."

"பெரிய தாத்தா," புள்ள மூக்கத் தொடச்சுக்கிட்டுக் கேட்டா, "நீங்க குனிஞ்சு வைக்கும்போது வெயில் எங்க அடிச்சுது?"

அவரு யோசிச்சாரு. "கண்ணுல அடிச்சுது. கையை மறைப்பாப் புடிச்சேன்."

"அது காலையில. அப்போ நீங்க கிழக்கப் பாத்துக் குனிஞ்சிருக்கீங்க. மரத்துக்குக் கிழக்கால இருக்கிற பாறைய மட்டும் பாப்போம்!"

மூணு பேரும் கிழக்கால போய்த் தவழ்ந்தாங்க. ஒரு பாறைக்கடியில டொக்குன்னுச்சு. டப்பா!

மித்ரா அவ பேரை எழுதினா, தாத்தா பேரை எழுதினா. அப்புறம் நிமிந்து, "உங்க பேரு என்ன பெரிய தாத்தா?"ன்னு கேட்டா. பாத்தியா, தம்பி பேத்திக்குப் பெரிய தாத்தா பேரு தெரியல. சவடமுத்துவுக்குக் கோவம் வரல. எறும்பு கடிச்ச விரலத் தேச்சுக்கிட்டே நின்னாரு.

அழகர்தான் சொன்னான். "சவடமுத்து. எழுது. எனக்கு மேல எழுது."

"ஏற்கெனவே மேல இருக்கே தாத்தா. இங்க பாருங்க, கோணலா."

"இருந்தா என்ன? இன்னொரு தடவை எழுது."

எழுதினா. டப்பாவைப் பொந்துலயே வச்சாங்க, ஒரு சாண் கூடத் தள்ளாம. மழை ஜோன்னு கொட்டுது. தம்பிக்கு முட்டி வலி, எறங்கக் கால் தடுமாறுது. அண்ணன் கைய நீட்டினாரு. நீட்டிக்கிட்டே, "பத்திரிகை விஷயத்த நான் மறக்கல"ன்னாரு.

"மறக்க வேண்டாம். கையப் புடி, வழுக்குது."

அப்புறம் தாத்தா அந்தப் பத்திரிகையக் கிழிச்சுட்டாரா?

இல்ல. பீரோவுலதான் இருக்கு. ஆனா எடுத்துப் பாக்க நேரம் கிடைக்கல. தெனம் சாயங்காலம் தம்பிகூட சண்டை போடப் போகணும்ல? யாரு கோலிய யாரு எடுத்தாங்கன்னு இன்னும் முடிவாகல.

ம்...

கதை மலையிறங்கி வீட்டுக்கு வந்துடுச்சு. நீயும் கண்ண மூடு.