கழுதைப்புலி பெயரைத் தொலைத்த கதை

மிருகங்களும் பறவைகளும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், யாருக்கும் ஒற்றைப் பெயர்தான். பிறந்ததும் அம்மா காதில் ஊதிவிடுகிற பெயர். சாகும்வரை அதுவே.

காட்டில் ஒருத்தி இருந்தாள். முதுகில் கறுப்புக் கோடுகள், நீண்ட காதுகள், பிடரியில் சிலிர்த்து நிற்கும் மயிர். செத்துக் கிடப்பதையெல்லாம் தின்று காட்டை நாறவிடாமல் வைத்திருப்பது அவள் வேலை. அதற்காக யாரும் அவளைக் கும்பிட்டதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கித்தான் போவார்கள். அவளுக்கும் ஒரு பெயர் இருந்தது. என்ன பெயர் என்று கேட்காதீர்கள், கதையே அதைப் பற்றியதுதான். அவளிடம் இருந்த ஒரே சொத்து அது. தன் ஒரே குட்டியின் காதிலும் அதையேதான் ஊதியிருந்தாள்.

காடு பெருகியது. பொருட்களும் பெருகின. பெயர்கள் போதவில்லை. அப்போது மைனா வாத்தியாரம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். நாவல் மரத்தடியில் குட்டிகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

"தேன், கூடு. சேர்த்துச் சொல்லுங்க."

"தேன்கூடு!"

"மழை, காலம்?"

"மழைக்காலம்!"

"பாத்தீங்களா? ரெண்டும் கைகோத்ததும் புதுசா ஒண்ணு பொறந்துடுச்சு!"

அந்த நாவலடிக்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் ஒரே குரலில் மூன்று முறை சொல்லிவிட்டால் பெயர் ஒட்டிக்கொள்ளும். பழைய பெயர் காய்ந்த இலை மாதிரி உதிர்ந்துவிடும், யார் நினைவிலும் நிற்காது. பொருளுக்கு என்றால் பரவாயில்லை. உயிருள்ளவர்களுக்கு என்றால் முதலில் "வைக்கலாமா?" என்று கேட்க வேண்டும். அவர்கள் "வை" என்று சொல்ல வேண்டும். மரங்கொத்தியும் மீன்கொத்தியும் அப்படி ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டவர்கள்தான்.

மைனா முதுகில் கோடு போட்ட அவளிடமும் ஒரு தரம் கேட்டாள். "அக்கா, உனக்கும் ஒண்ணு சேர்த்துத் தரட்டுமா?"

"வேண்டாம் வாத்தியாரம்மா. எங்கம்மா குடுத்தது எனக்குப் போதும்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஒரு நாள் யானையார் மேற்பார்வைக்கு வந்தார். பிள்ளைகளுக்கு ஒன்றும் வரவில்லை என்றால் நாவலடியையே கலைத்துவிடுவதாக முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். அவ்வளவு பெரிய உருவத்தைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குப் பேச்சு வரவில்லை. மைனா "பூ, தோட்டம்?" என்றாள். முயல்குட்டி தன் காதுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொண்டது.

"என்னம்மா, எல்லாரும் வாயை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டாங்களா?" என்றார் யானையார்.

அந்த நேரம் பார்த்து, அங்கே படித்த தன் குட்டியை அழைத்துப்போக, முதுகில் கோடு போட்ட அவள் வந்து புதர் ஓரம் நின்றாள்.

"ஏய், காதைப் பாரு, கழுதை! முதுகைப் பாரு, புலி!" என்று குரங்குக்குட்டி கிசுகிசுத்தது.

பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். பயம் போய்விட்டது. மைனா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். என்ன நடக்கப்போகிறது என்று புதரோரம் நின்றவளுக்குப் புரிந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மைனா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கழுதை, புலி. சேர்த்துச் சொல்லுங்க."

"கழுதைப்புலி!"

"வாத்தியாரம்மா, நிறுத்துங்க! நான் வைன்னு சொல்லல!" அவள் ஓடிவந்தாள்.

"கழுதைப்புலி!" அவள் குரல் அந்தக் கூச்சலில் அமுங்கிப்போனது.

மூன்றாவது முறை எல்லாக் குரல்களுக்கும் மேலே ஒரு குரல் கேட்டது. அவள் குட்டியின் குரல். பாவம், அதற்கு என்ன தெரியும்? வகுப்பில் முதல்முறையாகத் தனக்கும் பதில் தெரிந்துவிட்ட சந்தோஷம்.

"பிரமாதம்!" என்று தும்பிக்கையை உயர்த்திவிட்டு யானையார் நடந்தார். நாவலடி பிழைத்தது.

குட்டி அவள் காலடிக்கு ஓடிவந்தது. "அம்மா, நான்தான் ரொம்பச் சத்தமாச் சொன்னேன்! கேட்டியா?"

"கேட்டேன்டா கண்ணு. அம்மா பேரு என்ன, சொல்லு."

"கழுதைப்புலி."

"அது இல்லடா. முன்னாடி இருந்தது. உன் காதுல ஊதினேனே."

குட்டி கொஞ்சம் யோசித்தது. "வேற பேரு இருந்துச்சா?"

சொல்லித்தர வாயைத் திறந்தாள். நாக்கு அசைந்தது. ஒன்றும் வரவில்லை.

"நீங்களாவது சொல்லுங்க, வாத்தியாரம்மா. தினமும் அந்தப் பேரைச் சொல்லித்தானே கூப்பிடுவீங்க? ஒரே ஒரு தடவை."

மைனா அலகைத் திறந்து திறந்து மூடினாள். அவளுக்கும் நினைவில்லை. "ரெண்டு பெரிய ஆளுங்க பேரு சேர்ந்திருக்கு, அக்கா. கௌரவம்தானே?" என்றாள், கண்ணைப் பார்க்காமல்.

கௌரவம்தானா என்று பெயரைத் தொலைத்தவள் போய்ப் பார்த்தாள். "செத்ததைத் தின்கிறவளுக்கு என் பெயரா? எதிரில் நிற்காதே!" என்று புலி உறுமியது. ஆற்றோரம் மேய்ந்த கழுதையோ, அவள் வாடை பட்டதுமே உதைத்துக்கொண்டு ஓடியது. தேனும் கூடும் கைகோத்தன. அவளோடு கைகோக்க இரண்டு பேரில் ஒருவரும் இல்லை.

மைனா காதில் விழுகிற சொல்லையெல்லாம் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறதே, அதுவும் அந்தப் பெயர் என்றாவது தட்டுப்படாதா என்றுதான். இன்னும் தட்டுப்படவில்லை.

அன்று முதல்தான், கழுதைப்புலி யாரோடும் சேராமல் திரிகிறது. பொழுது சாய்ந்ததும் நின்று, வாயை அகலத் திறந்து, தன் பெயரைச் சொல்லிப் பார்க்கிறது. தூரத்தில் அதைக் கேட்கிற நாம், சிரிக்கிறது என்கிறோம்.