ஏகாம்பரம் போன் வாங்கிய நாள்

"நான் ஏமாந்துட்டேனா, இல்லையா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும்மா எனக்கு."

கேட்டவர் ஏகாம்பரம். ஆரணியில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். அறுபதைத் தாண்டியவர்.

கேட்கப்பட்டவர் தவமணி அம்மா. நாற்பதை இப்போதுதான் தொட்டவர். மலையடிவாரத்தில் ஓடு வேய்ந்த ஒரு தியானக் குடிலில் இருந்தார். தன்னைவிட மூத்தவர்களும் தன்னை அம்மா என்று அழைப்பதை அவர் தடுத்ததில்லை. பெரிதாக எடுத்துக்கொண்டதும் இல்லை.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எதுல ஏமாந்தீங்க?"

ஏகாம்பரம் துணிப்பையைத் திறந்தார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஒரு தோல் உறை. அதற்குள் ஒரு போன்.

"இதுலதான்."

முப்பது வருஷத்துக்கு மேல் கடையில் உட்கார்ந்தவர் ஏகாம்பரம். அண்டாவை விரலால் ஒரு தட்டுத் தட்டி, எத்தனை வருஷம் உழைக்கும் என்று சொல்லிவிடுவார். அவரை ஏமாற்றி யாரும் ஒரு கரண்டிகூட விற்றதில்லை. கடையை மகனிடம் ஒப்படைத்த பிறகு, தனக்கென்று ஒரு பொருள் வாங்க ஆசைப்பட்டார். ஊரிலேயே விலை கூடிய போனை வாங்கினார். அந்த விலைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கலாம்.

மகன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான்.

"இதே வேலையை இதுல கால்வாசி விலைக்கு வர போனும் செய்யும்பா."

அன்றைக்குப் போன தூக்கம்தான். எட்டு மாதமாகத் திரும்பி வரவில்லை.

"கேக்காத ஆள் இல்லம்மா. ஒருத்தர் பத்து வருஷம் வரும்ங்கறார். ஒருத்தர் ரெண்டே வருஷத்துல பேட்டரி ஊதிடும்ங்கறார். விலை ஒசத்தியா இருந்தா நல்லா உழைக்கும்னு நம்பித்தானே வாங்கினேன்?"

"உழைக்குதா?"

"தெரியலையே."

"ஏன் தெரியல?"

ஏகாம்பரம் தோல் உறையை இறுக்கி மூடினார்.

"ராத்திரி சார்ஜ் போடறதோட சரி, நான் அதை வெளியவே எடுக்கறதில்லம்மா. கீழ விழுந்துட்டா?"

தவமணி அம்மா கீரைத்தண்டை ஒடித்துப் போட்டார்.

ஏகாம்பரத்துக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. 'ஆசையை விடு, போனை யாருக்காவது கொடுத்துவிடு' என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். அம்மா அப்படிச் சொல்லவில்லை. அதுவரைக்கும் நிம்மதி.

"சுனைக்குப் போறோம். வரீங்களா?" என்று கேட்டபடி அம்மா எழுந்தார்.

*

மூன்று பேர் ஏறினார்கள்.

முன்னால் தவமணி அம்மா. நடுவில் யசோதை, குடிலுக்கு வந்து போகும் தையல்காரப் பெண். கடைசியில் ஏகாம்பரம், துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு.

மலை என்றால் முழுக்கப் பாறை. பாறைக்கும் பாறைக்கும் நடுவே புதர். ஒற்றையடிப் பாதை அதற்குள் நுழைந்து நுழைந்து போனது.

பாதி வழியில் தூறல் போட்டது.

ஏகாம்பரம் நின்றுவிட்டார். பையை மடித்து, அதன் மேல் துண்டைச் சுற்றி, அதையும் வேட்டி மடிப்பில் செருகப் பார்த்தார். பை நழுவியது. மறுபடியும் சுற்றினார்.

"ஐயா எங்கே?" மேலேயிருந்து அம்மாவின் குரல்.

"வந்துட்டேன், வந்துட்டேன்!"

வரவில்லை. அம்மா அவரைப் பார்க்கத் திரும்பினார். திரும்பிய கால் பாசியில் பட்டது.

ஏகாம்பரம் நிமிர்ந்தபோது அம்மா நின்ற இடத்தில் ஒரு புதர் ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

புதருக்குப் பின்னால் ஒரு பாறைப் பிளவு. ஆள் நுழையும் அகலம். உள்ளே கும்மிருட்டு.

"அம்மா!" யசோதை அலறினாள்.

புதரைக் கையால் விலக்கிக் குனிந்தாள். பிறகு, ஆழத்திலிருந்து, ரொம்ப நிதானமாக ஒரு குரல் வந்தது.

"இருக்கேன்."

*

அந்த இடத்தில் சிக்னல் கிடையாது. மேலே மொட்டைப் பாறைக்குப் போனால்தான் கிடைக்கும். யசோதை தன் போனை எடுத்துக்கொண்டு மேலே ஓடினாள். ஏகாம்பரத்தின் முழங்காலுக்கு அந்த ஓட்டம் முடியாது.

அவர் பிளவின் விளிம்பில் குப்புறப் படுத்தார்.

"அம்மா, அடிபட்டிருச்சா?"

"வலது கணுக்கால் போச்சுன்னு நெனைக்கிறேன். ஒரு திட்டு மேல இருக்கேன். வழுக்குது. எது பாறை, எது பள்ளம்னு தெரியல."

"அசையாதீங்க!"

"கால் நிக்கல ஐயா. கொஞ்சம் கொஞ்சமா சரியுது. எந்தப் பக்கம் நகர்றதுன்னுதான் பாக்கறேன். வெளிச்சம் இருக்கா?"

வெளிச்சம் இருந்தது.

ஏகாம்பரம் துண்டைப் பிரித்தார். பையைத் திறந்தார். பிளாஸ்டிக் உறையைக் கிழித்தார். தோல் உறை விளக்கை மறைத்தது. அதையும் கழற்றி எறிந்தார். வாங்கிய நாளுக்குப் பிறகு அந்தப் போன் மேல் முதல் மழைத்துளி விழுந்தது.

விளக்கைப் போட்டுக் கையை உள்ளே நீட்டினார். பாதி ஆழத்தில் ஒரு பாறை தொப்பை போலப் புடைத்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் அதில் பட்டு அங்கேயே நின்றுவிட்டது.

"தெரியுதாம்மா?"

"இல்ல."

ஏகாம்பரம் எழுந்தார். வேட்டியை அவிழ்த்தார். எட்டு முழ வேட்டி. துண்டோடு சேர்த்து முடிந்தார். துண்டின் நுனியில் போனைக் கட்டினார், விளக்கு கீழே பார்க்கும்படி. முட்டி வரைக்கும் தொங்கும் டிராயரோடு மழையில் மறுபடியும் படுத்தார்.

மெல்ல இறக்கினார்.

டக்.

போன் பாறையில் மோதியது. ஏகாம்பரத்துக்கு அது நெஞ்செலும்பில் கேட்டது.

டக். டக்.

புடைப்பைத் தாண்டியது. வேட்டியின் கடைசி நுனி கைக்கு வந்துவிட்டது. தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டார்.

"எட்டுதாம்மா?"

"எட்டல. ஒரு முழம் இருக்கும். வெளிச்சம் எதிர்ச் சுவத்துல அடிக்குது. என் பக்கம் வரல."

"எம்பிப் பாருங்களேன்."

"எம்பினா போயிடுவேன்."

கீழே சிறு கற்கள் சரிந்தன. அவை போய் விழுந்த சத்தம் வரக் கொஞ்ச நேரம் ஆனது. அம்மாவுக்குக் கீழே இன்னும் எவ்வளவு பள்ளம் இருக்கிறது என்பது அப்போதுதான் ஏகாம்பரத்துக்கு உறைத்தது.

"ஐயா."

"சொல்லுங்கம்மா."

"விடுங்க."

அந்த நேரத்திலும் அவர் மனம் ஒரு கணம் போன் கண்ணாடியை நினைத்தது. பொய் சொல்வானேன். நினைக்கத்தான் செய்தது. ஒரே ஒரு கணம்.

விரல்கள் திறந்தன.

வேட்டி பாம்பு போலச் சரேலென்று உள்ளே போனது. ஒரு மோதல். இன்னொரு மோதல். கண்ணாடி நொறுங்கும் சத்தம். பிறகு இருட்டு.

"அம்மா?"

தலையைப் பிளவுக்குள் நுழைத்தார்.

"அம்மா! தவமணி அம்மா!"

பாறைக்கு அடியில் எங்கிருந்தோ ஒரு வெள்ளை வெளிச்சம் கசிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியது. பிளவின் சுவர்கள் தெரிந்தன. ஈரம் மின்னியது. இரண்டு வௌவால்கள் ஏகாம்பரத்தின் காதை உரசிக்கொண்டு பறந்தன.

"கையில கிடைச்சுடுச்சு," என்றது அம்மாவின் குரல்.

துணி உரசும் சத்தம் மட்டும் கேட்டது. வலியை அடக்கும் ஒரு முனகலும் கேட்டது.

"என்னம்மா? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. வலது பக்கம் நகர்ந்துட்டேன். இங்கே சுவரோரம் ஒரு ஆள் உட்கார இடம் இருக்கு. உட்கார்ந்துட்டேன்."

"இடது பக்கம்?"

"இடது பக்கம்தான் நான் போகலாம்னு இருந்தேன்."

"அங்கே என்ன இருக்கு?"

"ஒண்ணுமே இல்ல ஐயா."

ஏகாம்பரம் நெற்றியைப் பாறையில் வைத்துக்கொண்டார்.

*

யசோதை மேலேயிருந்து கத்தினாள். தீயணைப்பு வண்டி கிளம்பிவிட்டதாம். மலை ஏறி வர நேரமாகுமாம். வழி காட்ட அவள் அடிவாரத்துக்கு இறங்கினாள்.

"ஏதாவது பேசுங்க," என்றார் அம்மா உள்ளேயிருந்து. "தூக்கம் வர்ற மாதிரி இருக்கு. தூங்கக் கூடாது."

"எனக்கு என்னம்மா தெரியும் பேச?"

"தெரிஞ்சதைப் பேசுங்க."

ஏகாம்பரம் பாத்திரத்தைப் பற்றிப் பேசினார். எவர்சில்வரில் காந்தம் ஒட்டினால் என்ன, ஒட்டாவிட்டால் என்ன. சீர்வரிசைக்கு வருகிறவர்கள் எதை முதலில் தூக்கிப் பார்ப்பார்கள். ஒரு முறை ஒரு மாப்பிள்ளை வீட்டார், குடத்தில் பெண்ணின் பெயரைத் தப்பாக வெட்டிவிட்டார்கள் என்று திருப்பிக் கொண்டுவந்து, கடைசியில் அந்தத் தப்பான பெயரே பிடித்துப்போய் அதையே பெண்ணுக்கு வைத்துவிட்டார்கள்.

கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் ஏகாம்பரத்துக்கு மூச்சு சீரானது.

"அம்மா."

"ம்."

"நான் நின்னுட்டதாலதானே நீங்க திரும்பினீங்க?"

"ஆமா."

அவர் மறுப்பார் என்று ஏகாம்பரம் எதிர்பார்த்திருந்தார்.

"அடுத்த தடவை மழைக்கு நிக்காதீங்க," என்றார் அம்மா. "நடந்துகிட்டே நனையலாம்."

அடுத்த தடவை என்ற சொல் அவருக்குப் போதுமாக இருந்தது.

"அந்தக் குடத்துப் பொண்ணு இப்ப எப்படி இருக்கா?"

"ரெண்டு பசங்கம்மா அவளுக்கு. போன தை மாசம் பொங்கப் பானை வாங்க வந்திருந்தா."

"சொல்லுங்க."

அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பிளவுக்குள் வெளிச்சம் ஒருமுறைகூட மங்கவில்லை.

*

தீயணைப்புக்காரர்கள் வந்தபோது மேகம் கலைந்து சாயங்கால வெயில் அடித்தது. ஒரு இளைஞர் கயிற்றில் இறங்கினார். மேலே நான்கு பேர் பிடித்தார்கள். ஐந்தாவதாக ஏகாம்பரமும் பிடித்தார். வேண்டாம் என்றார்கள். கேட்கவில்லை.

முதலில் ஒரு கை தெரிந்தது. பிறகு சேறு அப்பிய தலை. பிறகு தவமணி அம்மா முழுசாக வெயிலுக்கு வந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. முழங்கையில் தோல் கிழிந்திருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு எல்லோரையும் பார்த்தார்.

இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து ஏகாம்பரத்திடம் நீட்டினார்.

"ஐயா, உங்க வேட்டி கிழிஞ்சுபோச்சு. மன்னிக்கணும்."

ஏகாம்பரம் போனை வாங்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால், டிராயரோடு நின்று, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது. யசோதைக்கும் வந்தது. தன் துப்பட்டாவை எடுத்து அவர் இடுப்பில் சுற்றிவிட்டாள்.

அம்மாவை டோலியில் படுக்க வைத்துக் கீழே கொண்டுபோனார்கள். ஏகாம்பரம் டோலியின் ஓரத்தைப் பிடித்தபடியே இறங்கினார். அடிவாரத்தில் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். வெறும் எலும்பு முறிவுதான், உயிருக்கு ஒன்றும் ஆபத்தில்லை என்றார் வண்டியில் வந்த நர்ஸ். யசோதை கூட ஏறிக்கொண்டாள்.

வண்டி திருப்பத்தில் மறையும் வரை ஏகாம்பரம் நின்றார். பக்கத்தில் இருந்த ஒரு கல்லில் உட்கார்ந்தார். எட்டு மாதத்துத் தூக்கமும் சேர்ந்தாற்போல் கண்ணைச் சொக்கியது.

யசோதை கையில் திணித்திருந்த போன் மடியில் கிடந்தது. கண்ணாடி முழுவதும் விரிசல். ஒரு மூலை பெயர்ந்திருந்தது. விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. யாரும் அதை அணைக்கவில்லை.

கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த இளைஞர், உள்ளே இறங்கியவர், அதை எட்டிப் பார்த்தார்.

"விலை ஒசந்த போன்போல இருக்கே சார். இப்படி ஆயிடுச்சே! எப்ப வாங்கினீங்க?"

ஏகாம்பரம் விரிசலின் மேல் விரலை ஓட்டினார்.

"இன்னைக்குத்தான் தம்பி."