அட்மின் கேட்டு வாங்கிய அமைதி

மாடித்தோட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மினாக இருந்த சர்வோத்தமனுக்குத் தான் ஜில்லா கலெக்டர் என்று நினைப்பு. பூச்சிமருந்தை மத்தியானத்தில்தான் அடிக்க வேண்டும் என்று ஒருநாள் குழுவில் உத்தரவு போட்டார். "மத்தியான வெயில்ல மருந்து அடிச்சா இலை கருகிடுமே சார்" என்று புதிதாகச் சேர்ந்த இருதயராஜ் எழுத, "நேத்து வந்த முட்டாள் எனக்குப் பாடம் எடுக்கிறியா?" என்று பாய்ந்தார்.

"மரியாதையாத்தானே சார் மறுத்துச் சொன்னாரு?" என்றாள் தையல்கடை தில்லைக்கரசி.

அவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "இனி என்னை எதிர்த்து இங்கே ஒரு வார்த்தை வரக்கூடாது. அது உன் பொறுப்பு. முடியலைன்னா நீயும் வெளியே!"

"முடியும் சார். என்னையும் அட்மின் ஆக்குங்க."

ஆக்கினார். குழு கப்சிப் ஆனது. சர்வோத்தமனுக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் மத்தியானம் மருந்து அடித்தார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் பாகற்பந்தல் முழுக்கக் கருகிக் கிடந்தது. ஆடிப்போனார். படம் எடுத்துக் குழுவில் போட்டு, "காப்பாத்த வழி சொல்லுங்க!" என்று கெஞ்சினார். எல்லாரும் பார்த்தார்கள். ஒருவரும் பதில் போடவில்லை.

பதறிப்போய் தில்லைக்கரசிக்குப் போன் போட்டார். "என்னம்மா இது, ஒருத்தருக்குமா இரக்கம் இல்லை?"

"இருக்கு சார். அட்மினைத் தவிர யாரும் எழுத முடியாதபடி நான்தான் பூட்டி வச்சிருக்கேன். எதிர்ப்பேச்சு வர்ற வாசலும் பதில் வர்ற வாசலும் ஒண்ணுதானே?"

சர்வோத்தமன் இறங்கி வந்தார். "தி... திறந்து விடும்மா."

திறந்தாள். முதலில் வந்தது இருதயராஜின் பதில். "கருகுனதை வெட்டிட்டுத் தண்ணி தெளிங்க சார், துளிர்த்துடும். ஆனா மத்தியானம் மருந்து அடிச்சது தப்புதான்."

சர்வோத்தமன் எதையோ எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். கடைசியில் வந்தது:

"ஆமாங்க சார். தப்புதான்."